சம்பளம் கேளாத செயலாளர்
சோன்யா ஷ்லெசின் அம்மையார் தமிழர்க்குச் செய்த தொண்டு



தொண்டு என்றதும் உழவாரப் படையை ஏந்திய நாவுக்கரசர் பெருமான் நம் நினைவுக்கு வருவார். கண்ணொளி இல்லாதிருந்தும் கயிற்றைத் தடவித் தடவித் திருக்குளம் தோண்டிய தண்டியடிகள் வருவார். இவர்களைப் பற்றி நம்மவர் பலமுறை எழுதிவிட்டனர், இனியும் எழுதுவர். இக்கட்டுரை பேசப்போகும் பெண்மணி நம் நாட்டவரல்லர், நம் சமயத்தவருமல்லர். ரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறியவர். ஆயினும் அவர் தமது இளமையைக் கொடுத்தது பெரும்பாலும் தமிழ் மக்களுக்கே. ஆயர் ஈத்தாம் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் எந்த மண்ணிலிருந்து கப்பலேறினார்களோ, அதே சென்னை மாகாணத்து மண்ணிலிருந்துதான் அந்த மக்களும் கப்பலேறினார்கள்.

அவர் பெயர் சோன்யா ஷ்லெசின். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். தில்லையாடி வள்ளியம்மையை நம்மில் அறியாதார் இல்லை. ஷ்லெசின் அம்மையாரை அறிந்தாரோ மிகச் சிலர். மேடையில் நின்றவரை உலகம் நினைவில் வைக்கும். பின்னறையில் கணக்கு எழுதியவரை மறந்துவிடும். நம் திருவிழாக்களிலும் இதுதானே நடக்கிறது! மாலை போட்டுக்கொண்டவர் படம் மலரில் வருகிறது. அன்னதானக் கூடத்தில் நள்ளிரவு வரை அண்டா கழுவியவர் பெயர் எதிலும் வருவதில்லை.

முதலில் யூதர் யார் என்பதை இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவர்கள் உலகின் மிகப் பழைய சமயங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். கொச்சியில் 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவர்களது வழிபாட்டுக் கூடம் இன்றும் இருக்கிறது. அவர்கள் மொழியாகிய எபிரேயத்தில் தருமத்துக்கு வழங்கும் சொல் 'செதாக்கா' என்பது. அதன் வேர்ப்பொருள் நீதி. கொடுப்பது இரக்கத்தால் செய்யும் சலுகை அன்று, செய்தே தீரவேண்டிய நீதி என்பது அச்சொல்லின் உட்கிடை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் அவர்களது பேரறிஞர், கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவர் யாரென வாங்குபவர் அறியாமலும், வாங்குபவர் யாரெனக் கொடுப்பவர் அறியாமலும் நடக்கும் கொடைக்கு மிக உயர்ந்த படிக்கு அடுத்த படியையே அவர் தந்தார். ஒருவனுக்குத் தொழில் அமைத்துக் கொடுத்து, அவன் பிறரிடம் கையேந்தாத நிலைக்கு உயர்த்துவதையே எல்லாவற்றிற்கும் மேலாக வைத்தார். நம் ஒப்புரவு என்னும் கருத்தோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

ஷ்லெசின் அம்மையார் 1888-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு வாழ்வு எளிதாக இல்லை. 1891-இல் மாஸ்கோ நகரத்து யூதர்களை வெளியேற்ற அரச ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடு வாசல் இழந்தனர். ஷ்லெசின் குடும்பம் 1892-ஆம் ஆண்டுவாக்கில் தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தது. ஊரை விட்டு ஊர் வந்தவர்கள் வந்த இடத்தில் தமக்கென ஓர் இடம் தேடிக்கொண்டு ஒதுங்கி இருப்பதே வழக்கம். அதிலும் தென்னாப்பிரிக்காவில் தோல் வெள்ளையாக இருந்தால் போதும், வாழ்வு தானே வந்து வாசலில் நிற்கும். அந்தச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டே, அது இல்லாதவர் பக்கம் வந்து நின்றார் என்பதுதான் இவரிடம் நாம் கவனிக்க வேண்டிய முதல் செய்தி.

காந்தியடிகள் அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர். அவரிடம் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த டிக் என்ற பெண்மணி மாதம் பதினேழரைப் பவுன் சம்பளத்தில் வேலை செய்தார். அவர் திருமணமாகிச் சென்றதும் இடம் காலியாயிற்று. காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், இவரும் யூதரே, 1905-இல் ஷ்லெசினை அழைத்து வந்தார். பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. அழைத்து வந்தவர் பாராட்டிப் பேசவில்லை. "கெட்டிக்காரி, நாணயமானவள், ஆனால் குறும்பு அதிகம், துடுக்கும் உண்டு, சமாளிக்க முடிந்தால் வைத்துக்கொள்ளும்" என்ற கருத்துப்பட எச்சரித்துவிட்டே ஒப்படைத்தார்.

எச்சரிக்கை பொய்க்கவில்லை. முகத்துக்கு நேரே எவரையும் கண்டிக்க அவர் தயங்கியதில்லை. வயதில் மூத்தவர் என்பதற்காக விட்டுவைத்ததும் இல்லை. அதனால் காந்தியடிகளுக்குச் சில சங்கடங்களும் நேர்ந்தன. ஆனால் அவரது கள்ளமற்ற உள்ளமே அச்சங்கடங்களைத் தீர்த்தும் வைத்தது. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆடவரைப் போல் காலர் வைத்த சட்டையும் டையும் அணிந்து திரிந்த அவரை அன்றைய ஜோகன்னஸ்பர்க் வேடிக்கையாகப் பார்த்தது. இதைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தமது ஆங்கிலத்தைவிட அவரது ஆங்கிலம் சிறந்தது என்று கருதிய காந்தியடிகள், அவர் தட்டச்சு செய்து வைத்த கடிதங்களைப் படித்துப் பார்க்காமலே கையொப்பமிட்ட நாள்கள் பல.

இனிச் சம்பளக் கதைக்கு வருவோம். முன்பு இருந்தவர் பெற்றது பதினேழரைப் பவுன் அல்லவா? ஷ்லெசின் அம்மையாரோ நெடுங்காலம் மாதம் ஆறு பவுனுக்கு மேல் வாங்கவில்லை. அதிகம் பெற்றுக்கொள்ளும்படி வற்புறுத்தியபோதும் பத்துப் பவுன் என்ற எல்லையைத் தாண்ட மறுத்துவிட்டார். சம்பளத்துக்காக அங்கே வரவில்லை, அந்த வேலையும் கொள்கையும் பிடித்திருப்பதால்தான் வந்திருக்கிறேன் என்பதே அவர் சொன்ன காரணம். ஒருமுறை அவருக்கு நாற்பது பவுன் தேவைப்பட்டது. காந்தியடிகள் கொடுத்தார். அதைக் கடன் என்றுதான் வாங்குவேன் என்று அம்மையார் பிடிவாதம் பிடித்தார். பல ஆண்டுகள் சென்றபின், காந்தியடிகள் இந்தியாவில் தம் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த 1920-களில், அந்த நாற்பது பவுனும் ஒரு காசு குறையாமல் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் கடல் கடந்து போய்விட்டார், கேட்கப் போவதுமில்லை. இருந்தும் கடன் கடன்தான் என்று இருந்திருக்கிறார்.

இப்போது அந்த மக்களின் நிலையைச் சிறிது பார்க்க வேண்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்குச் சென்று சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டு, கங்காணி முறை 1938 வரை நீடித்ததை நம் மூத்தோர் அறிவர். நேட்டாலில் கொடுமை வேறு வடிவில் வந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலி ஊர் திரும்பாமல் அங்கேயே சுதந்திரமாக இருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. பின்னர் அது பதினாறு வயதான மகன் மீதும் பதின்மூன்று வயதான மகள் மீதும்கூட விழுந்தது.

மூன்று பவுன் என்றால் என்ன? ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆக, ஒரு தலைக்கு வரி அறுபது ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி. கணவன், மனைவி, வயது வந்த மகன், மகள் என நால்வர் இருந்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். கட்ட முடியாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். அல்லது கப்பலேற வேண்டும். வரியின் நோக்கமே அதுதான். செக்ரோல் பிடித்த காலத்துத் தோட்டக் கணக்குகளைப் பார்த்த நம்மவர்க்கு இந்தக் கணக்கு புரிவதில் சிரமமிராது.

இவர்களுக்காகவும், டிரான்ஸ்வாலில் பத்து விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு பெறவேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராகவும் எழுந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் பங்கு மிகப் பெரிது. தம்பி நாயுடு போன்றோர் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தனர். சிறை சென்றவன் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே! அங்கேதான் தருமப் பணம் வருகிறது. 1909-இல் ரத்தன்ஜி ஜம்ஷெட்ஜி டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார். மேலும் பலரும் இந்தியாவிலிருந்து அனுப்பினர். அந்தப் பணத்தைப் பெற்று, எழுதி, பிரித்து, செலவுக்குக் கணக்குக் காட்டும் வேலையில் ஷ்லெசின் அம்மையாரின் கை இருந்தது. ஆயிரக்கணக்கான பவுன் அவர் பொறுப்பில் புழங்கியதைக் காந்தியடிகளே பதிவு செய்திருக்கிறார். மாதம் ஆறு பவுன் வாங்கியவரின் மேசையில் ஆயிரக்கணக்கில்!

உதவிப் பணத்தைப் பிரிப்பதில் உள்ள சிக்கலை அறவாரியங்களில் பொறுப்பு வகித்தோர் நன்கு அறிவர். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை கொடுத்தால் ஐந்து பிள்ளை உள்ளவள் பட்டினி கிடப்பாள்; தனியாள் மிச்சம் பிடிப்பான். தேவைக்கேற்பக் கொடுக்கலாம் என்றால், கூச்சப்படும் நேர்மையான குடும்பம் குறைத்துச் சொல்லும். வாய் உள்ளவன் கூட்டிச் சொல்லி வாங்கிப் போவான். யார் உண்மை சொல்கிறார் என்று சோதிக்கத் தொடங்கினாலோ, தருமம் போய்ப் போலீஸ் வேலையாகிவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் அச்சிக்கல் அப்படியே எழுந்தது. அதற்குக் கண்ட தீர்வுதான் டால்ஸ்டாய் பண்ணை. 1910-இல் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, போராட்டம் முடியும்வரை வாடகையின்றிக் கொடுத்தார். சிறை சென்றோர் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக உழைத்து, ஒரே பந்தியில் உண்டன. கையில் காசாகக் கொடுப்பது நின்றது, செலவும் குறைந்தது, சந்தேகமும் ஒழிந்தது. இன்று நாம் உதவிக்கு மனுக்கள் வாங்கும்போதும் இந்தப் பழைய பாடம் பயன்படும் என்பது என் எண்ணம்.

பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் வரலாறு நினைவுக்கு வருகிறது. அடியாராக வந்த இறைவன் ஒரு கோவணத்தை அடைக்கலமாகக் கொடுத்துச் சென்றான். அது காணாமற் போயிற்று. ஈடாக வேறு கோவணம், பொன், பொருள் எல்லாம் தராசில் வைத்தும் தட்டு உயரவில்லை. மனைவி மகனோடு தாமும் ஏறிய பின்னரே தராசு நேர் நின்றது. பலர் அக்கதையை அடியார் பெருமைக்குச் சான்றாகச் சொல்வர். எனக்கு அது பொருளாளர்களுக்கான கதையாகவே படுகிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த துணித்துண்டுக்கே அவ்வளவு எடை என்றால், ரசீது போட்டு வாங்கும் காசுக்கு எவ்வளவு எடை?

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1909-இல் டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் உருவானது; அதன் செயலாளர் ஷ்லெசின். அவரது இருபத்தொன்றாம் வயதில் அவரை நம்பித் தமிழ்த் தாய்மார்கள் ஒன்றுகூடினர் என்பது சின்னச் செய்தி அன்று. அதே ஆண்டு அவரைச் சட்டப் பயிற்சி எழுத்தராகச் சேர்த்துக்கொள்ளக் காந்தியடிகள் விண்ணப்பித்தார். பெண்ணை அவ்வாறு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டில் இல்லை என்று டிரான்ஸ்வால் வழக்கறிஞர் கழகம் மறுத்துவிட்டது. தோலின் நிறத்தால் திறந்த கதவு பெண் என்பதால் சாத்தப்பட்டது. அவர் திரும்பி வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தார்.

1913 மார்ச் 14-ஆம் நாள் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்துவ முறைப்படி நடந்து பதிவு பெற்ற திருமணங்களே செல்லும் என்பது அதன் விளைவு. தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து வந்த மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் வாரிசுகளும் அல்லர். தமிழ்ப் பெண்களின் மானத்தில் கை வைத்த தீர்ப்பு அது. பெண்கள் சங்கம் கூடியது. இதை நீக்காவிட்டால் பெண்களும் சிறை செல்வோம் என்று அமைச்சருக்குச் சங்கத்தின் சார்பில் தந்தி பறந்தது. அதை அனுப்பியவர் கௌரவச் செயலாளர் ஷ்லெசின். நம் சமயச் சடங்கின் மதிப்பைக் காக்கும் போராட்டத்தில், யூதக் குலத்துப் பெண்ணின் கை எழுதிய தந்தி முன்னே சென்றது.

சொன்னபடியே சென்றார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டனர். ஒருவரைத் தவிர மற்றவர் தமிழர். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. உரிமமில்லாமல் கூவி விற்றும் பார்த்தனர். போலீசார் கைது செய்ய மறுத்தனர். பின்னர் நேட்டால் எல்லையைத் தாண்டி நியூகாசில் சுரங்கப் பகுதிக்குச் சென்று, மூன்று பவுன் வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளரிடம் பேசினர். சுரங்கங்கள் நின்றன. அக்டோபர் 21-ஆம் நாள் அப்பெண்கள் கைதாகி மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றனர். நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லை தாண்டி நடந்தனர். சில நாள்களில் காந்தியடிகள், காலன்பாக், ஹென்றி போலக் மூவரும் சிறைக்குள். வேலைநிறுத்தமோ கரும்புத் தோட்டங்களுக்கும் பரவிப் பல்லாயிரவரைத் தொட்டுவிட்டது.

அப்போது வெளியே இருந்தவர் யார்? இருபத்தைந்து வயது நிரம்பிய ஷ்லெசின். மூவரும் டிசம்பர் 18-ஆம் நாள் விடுதலையாகும் வரையிலான அந்த ஐந்து வாரங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். குவியும் தந்திகள், 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் பொறுப்பு, வரும் பணம், போகும் பணம், என்ன செய்வதென்று கேட்டு வாசலில் நிற்கும் மக்கள். தலைவர்கள் ஏறத்தாழ எல்லோரும் சிறையிலிருந்த காலத்தில் அவர் தனியொருவராக இயக்கத்தை நடத்தினார் என்பது காந்தியடிகளின் சாட்சியம். இரவு பகல் பாராமல் எங்கு வேண்டுமானாலும் தனியே செல்வார். துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றால் கோபம் வரும். தடியடிக்கு அஞ்சாத ஆடவர்களும் அவர் வாய்ச் சொல்லுக்குக் காத்திருந்தனர். 1912-இல் தென்னாப்பிரிக்கா வந்திருந்த கோபால கிருஷ்ண கோகலே, காந்தியின் தோழர்களை ஒவ்வொருவராக எடைபோட்டுப் பார்த்து முதலிடத்தை இப்பெண்ணுக்கே கொடுத்தார். அந்த எடை சரி என்பதை அடுத்த ஆண்டு காட்டியது.

விலையும் கொடுக்கப்பட்டது. சிறையில் நோயுற்ற வள்ளியம்மை விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், பதினாறு வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம் முறைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. ஜூலை 18-ஆம் நாள் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறினார்.

பலருடைய தொண்டு தலைவர் போனதும் நின்றுபோகும். அல்லது செய்த தொண்டைச் சொல்லிச் சொல்லியே எஞ்சிய வாழ்நாள் கழியும். ஷ்லெசின் அம்மையார் இரண்டும் செய்யவில்லை. பதவி எதையும் நாடாமல் மீண்டும் மாணவியாகிப் பட்டம் பெற்று, க்ரூகர்ஸ்டார்ப் நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாகி லத்தீன் மொழி கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காந்தியடிகளோடு கடிதத் தொடர்பு நீடித்தது. உலகம் மகாத்மா என்று வணங்கிய காலத்திலும், தவறெனத் தமக்குப் பட்டதை அவருக்கு எழுதிக் கண்டிக்க அம்மையார் தயங்கவில்லை. பதினேழு வயதில் இருந்த நாக்கு அப்படியே இருந்தது! தம்மிடம் துதிபாடாத ஒருவரைக் கடைசிவரை நண்பராக வைத்துக்கொண்டது காந்தியடிகளுக்கும் பெருமைதான்.

1909-இல் சாத்தப்பட்ட கதவை அவர் மறக்கவில்லை போலும். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பேரன் பேத்தி எடுக்கும் வயதில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். படிப்பை முடிக்க இயலவில்லை. 1956-ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார்.